ஏஆர்எம் மடிக்கணினியில் எட்டு மாதம்: விடைகள் ஏன் மாறின, அதை நான் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை

பெட்டியைப் பிரித்து, லினக்ஸ் போட்டு, என் புரோகிராமைக் கம்பைல் செய்து, முதல் தடவையாக டெஸ்ட், அதாவது வரும் விடையைச் சேமித்து வைத்த விடையோடு ஒப்பிடும் சோதனைகளை, ஓட்டினேன். 412 டெஸ்டில் 37 சிவப்பு, அதாவது தோல்வி. அன்று காலை வரை பழைய கணினியில் எல்லாமே பச்சை. மூல நிரலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் அதே பதிப்பு, உள்ளீட்டுக் கோப்புகளும் அவையேதான். மாறியது சிப் மட்டும். இன்டெல் வழி வந்த எக்ஸ்86 சிப்பிலிருந்து 64 பிட் ஏஆர்எம் சிப்புக்கு மாறியிருந்தேன். அன்று இரவே மடிக்கணினியைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன், காலையில் திருப்பி அனுப்பிவிடுவது என்று.

அனுப்பவில்லை. எட்டு மாதம் ஆகிறது, இந்த விமர்சனத்தையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை ஏன் குறைந்தது என்பது கீழே வரும். எந்தக் கம்பெனி மாடல் என்று நான் சொல்லாததற்குக் காரணம், நான் சொல்லப்போகும் விஷயம் எந்தக் கம்பெனி மாடலுக்கும் பொருந்தும் என்பதுதான். 64 பிட் ஏஆர்எம் சிப்பில் எண்ணைப் போட்டு அரைக்கும் வேலை, அதாவது சிமுலேஷன், புள்ளியியல், சிக்னல் ப்ராசஸிங் மாதிரி எதையாவது செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடாவதில்லை. பேட்டரி ஒரு நாள் தாங்குகிறது. விசைப்பலகை பரவாயில்லை. என் துகள் சிமுலேஷன் பழைய கணினியில் ஓடிய நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கிறது. இதெல்லாம் மற்ற விமர்சனங்களிலேயே இருக்கும், அந்த 37 டெஸ்டைப் பற்றித்தான் எங்கும் இருக்காது.

முதலில் பயத்தைக் குறைத்தது 9 டெஸ்ட். அவற்றில் எண்ணே மாறவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வரும் 'நேன்', அதாவது 'இது எண்ணே அல்ல' என்ற அடையாளம், எக்ஸ்86 சிப்பில் குறி பிட் (பிளஸ்ஸா மைனஸா என்று சொல்லும் பிட்) 1 ஆக இருக்கும்படி உருவாகிறது, ஏஆர்எம்மில் குறி பிட் 0. அச்சிட்டால் பழைய கணினி 'மைனஸ் நேன்' என்று எழுதும், புதியது வெறும் 'நேன்' என்று எழுதும். என் டெஸ்ட் இரண்டு கோப்புகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டதால் அந்த ஒரு கோடு போதும், சிவப்பாகிவிட்டது. ஒப்பிடும் இடத்தில் ஒரு வரி மாற்றினேன், 9-ம் பச்சை. மீதி 28.

இனிமேல்தான் விஷயமே. 14 டெஸ்டில் விடை உண்மையிலேயே வேறு. பெரிய வித்தியாசம் இல்லை, பதினாறாவது பதினேழாவது இலக்கத்தில்தான், ஆனால் சில இடங்களில் அது வளர்ந்து எட்டாவது இலக்கத்துக்கே வந்திருந்தது. இரண்டு நாள் தேடி ஒரே ஒரு வரிக்குச் சுருக்கினேன். 0.1-ஐ 10-ஆல் பெருக்கி அதிலிருந்து 1-ஐக் கழி, அவ்வளவுதான் கணக்கு. பழைய கணினியில் விடை 0. புதியதில் 5.55 × 10⁻¹⁷. நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் எண்களை நேரடியாக நிரலில் எழுதாமல் ஓடும்போது உள்ளே கொடுங்கள். நிரலில் எழுதினால் கம்பைலரே முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைத்துவிடும், சிப்புக்கு வேலையே இருக்காது.

ஏன் இப்படி? 0.1 என்ற எண் கணினிக்குள் அப்படியே நுழைய முடியாது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாதது போல, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதி முடிக்க முடியாது. டபுள் என்று நாம் சொல்லும் 64 பிட் எண்ணில் மதிப்புக்கு 53 பிட்தான் இடம், அதற்குள் அடங்கும்படி மிக அருகிலுள்ள எண் வைக்கப்படுகிறது, அது 0.1-ஐவிட ஒரு துளி கூடுதல். அதைப் பத்தால் பெருக்கினால் 1-ஐவிட 5.55 × 10⁻¹⁷ கூடுதலாக ஒரு எண் வரும். இந்த விடையும் 53 பிட்டில் அடங்காது, ஆகவே ரவுண்ட் செய்யப்பட்டு 1 ஆகிறது. ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூஜ்யம். பழைய கணினியின் விடை இப்படி வந்தது.

ஏஆர்எம் செய்வது வேறு. அதில் எஃப்எம்ஏ என்றொரு கட்டளை இருக்கிறது, பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்து, நடுவில் ரவுண்ட் செய்யாமல், கடைசியில் ஒரே ஒரு தடவை மட்டும் ரவுண்ட் செய்யும். நடுவில் ரவுண்ட் இல்லாததால் அந்த 5.55 × 10⁻¹⁷ தொலையாமல் கடைசி வரை வந்து சேர்கிறது. 64 பிட் ஏஆர்எம்மில் இந்தக் கட்டளை ஆரம்பத்திலிருந்தே அடிப்படைத் தொகுப்பில் உண்டு, எந்தச் சிப்பிலும் இருக்கும் என்று கம்பைலருக்குத் தெரியும், ஆகவே நாம் கேட்காமலேயே பயன்படுத்துகிறது. எக்ஸ்86-இல் இது பின்னால்தான் வந்தது, இன்டெல்லில் 2013-இல் ஹாஸ்வெல் சிப்போடு. அதனால் எல்லா எக்ஸ்86 கணினியிலும் ஓட வேண்டும் என்று சாதாரணமாகக் கம்பைல் செய்தால் கம்பைலர் அதைத் தொடாது. என் பழைய கணினியின் சிப் அதற்கும் முந்தையது. சிப் தவறு செய்யவில்லை, கம்பைலரும் தவறு செய்யவில்லை, என் வரியை இரண்டு விதமாகப் படிக்க இடம் இருந்தது, இரண்டு கணினியும் ஆளுக்கொரு விதமாகப் படித்தன.

இதிலேயே கம்பைலருக்குக் கம்பைலர் பழக்கம் வேறு. கிளாங் என்ற கம்பைலர் அதன் 14-ஆம் பதிப்பிலிருந்து இப்படிச் சேர்ப்பதை இயல்பாகவே செய்கிறது, ஆனால் ஒரே கோவைக்குள் இருந்தால் மட்டும். ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலர் இன்னும் தாராளம், பெருக்கலை ஒரு வரியிலும் கழித்தலை அடுத்த வரியிலும் நீங்கள் பிரித்து எழுதியிருந்தாலும் சேர்த்துவிடும். நடுவில் தற்காலிக மாறி வைத்துவிட்டேன், இனி ரவுண்ட் ஆகிவிடும் என்று நான் நம்பியிருந்த இடங்கள் எல்லாம் இப்படித்தான் போயின.

பதினேழாவது இலக்கம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பள்ளிக்கூட இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கெழு 0.1, நடுவில் 0.2, கடைசியில் 0.1. தன்மைகாட்டி, அதாவது நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து முதல், கடைசிக் கெழுக்களின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழித்தால் வருவது, பூஜ்யம், மூலங்கள் சமம், விடை மைனஸ் 1. பழைய கணினி அப்படித்தான் சொன்னது. எஃப்எம்ஏ வந்தால் இரண்டு பெருக்கலில் ஏதோ ஒன்று மட்டும் ரவுண்ட் ஆகாமல் நிற்கும், மற்றது ரவுண்ட் ஆகும், ஆகவே கழித்தால் பூஜ்யம் வராது. கம்பைலர் எந்தப் பெருக்கலைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து சில சமயம் மைனஸ் 3.33 × 10⁻¹⁸ வரும், இல்லாவிட்டால் அதே அளவு பிளஸ்ஸில் வரும். மைனஸ் என்றால் வர்க்கமூலம் நேன், அதைத் தொட்ட கணக்கெல்லாம் நேன். பிளஸ் என்றால் வர்க்கமூலம் 1.8 × 10⁻⁹, மூலங்கள் மைனஸ் ஒன்றிலிருந்து எட்டாவது ஒன்பதாவது இலக்கத்தில் விலகி நிற்கும். பதினெட்டில் கிடந்த பிழை வர்க்கமூலம் எடுத்ததும் ஒன்பதுக்கு வந்துவிட்டது பாருங்கள். என் டெஸ்ட்களில் எட்டாவது இலக்கம் வரை வந்தவை எல்லாம் இந்த ரகம்.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டுல எது சரியான விடை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எம்பிஎஃப்ஆர் என்ற நூலகத்தில் எத்தனை பிட் வேண்டுமானாலும் வைத்துக் கணக்குப் போடலாம், அதில் 200 பிட் வைத்து அந்த 14 டெஸ்டையும் மறுபடி ஓட்டினேன். பதினொன்றில் ஏஆர்எம் விடைதான் உண்மைக்கு அருகில். மூன்றில் பழைய கணினியின் விடை. இரண்டு கணினியும் எல்லா இடத்திலும் துல்லியம் இல்லை. நான் இத்தனை வருடம் 'சரியான விடை' என்று கோப்பில் பூட்டி வைத்திருந்தது வெறுமனே 'அந்தக் கணினி சொன்ன விடை' என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கையால் சரிபார்த்த கோப்பு ஒன்றுகூட இல்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் ஒவ்வொரு விதமாக எண்களை வைத்துக்கொண்டது, ஒவ்வொரு விதமாக ரவுண்ட் செய்தது. 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரநிலை வந்துதான் இதற்கு ஒரு முடிவு கட்டியது. அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளை வில்லியம் கஹான், 1989-இல் டூரிங் விருது பெற்றவர். 2008-இலும் 2019-இலும் அதைத் திருத்தி வெளியிட்டார்கள், எஃப்எம்ஏ தரநிலைக்குள் வந்தது 2008-இல்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், எஃப்எம்ஏ, இவை ஒவ்வொன்றும் முடிவில்லாத துல்லியத்தில் கணக்கிட்டு ஒரே தடவை ரவுண்ட் செய்ததுபோல் விடை தர வேண்டும் என்கிறது அது. இதை இரண்டு சிப்பும் ஒரு பிட் பிசகாமல் காப்பாற்றுகின்றன. நானே சில கோடி ஜோடி எண்களைக் கொடுத்துச் சோதித்தேன், தனித்தனியாகச் செய்த ஒரு கூட்டல், ஒரு பெருக்கல்கூட வேறுபடவில்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் எங்கே கூட்டினாலும் 0.30000000000000004-தான். தனித்தனிக் கணக்குக்குத்தான் உத்தரவாதம். அவற்றை எந்த வரிசையில், எதை எதோடு சேர்த்து என்பது கம்பைலர், நூலகம், மொழி இவற்றின் கையில்.

நான் இதே மாதிரி ஒரு தடவை ஏற்கெனவே மாட்டியிருக்கிறேன், அப்போது கவனிக்கவில்லை. 32 பிட் காலத்தில் எக்ஸ்86 கணினிகள் 1980-இல் வந்த 8087 என்ற இன்டெல் கணக்குச் சிப்பின் வழியில், ரெஜிஸ்டருக்குள், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன இடத்துக்குள், 80 பிட் வைத்துக் கணக்குப் போட்டன. ரெஜிஸ்டரில் இருக்கும்வரை மாறிக்கு ஒரு மதிப்பு, இடம் போதாமல் நினைவகத்துக்கு இறக்கிவிட்டால் 64 பிட்டுக்கு ரவுண்ட் ஆகி வேறொரு மதிப்பு. ஒரே மாறி, நடுவில் யாரும் தொடவில்லை, ஆனால் தன்னோடு தானே சமமாக இல்லை. ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 323 என்ற எண் 2000-ஆம் ஆண்டிலிருந்து இதற்காகவே பெயர்போனது. ஜாவாகூட இதற்காகத் தன் விதியைத் தளர்த்தி, 'ஸ்ட்ரிக்ட்எஃப்பி' என்று தனியாக ஒரு சொல்லை வைத்திருந்து, 2021-இல் வந்த 17-ஆம் பதிப்பில்தான் மறுபடி எல்லாவற்றையும் கண்டிப்பாக்கியது. 64 பிட் எக்ஸ்86 வந்ததும் 64 பிட்டிலேயே கணக்குப் போடும் எஸ்எஸ்இ2 கட்டளைகள் அடிப்படை ஆகி இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது. அப்போது நான் 64 பிட்டுக்கு மாறியபோதும் சில டெஸ்ட் சிவப்பாகின. என்ன செய்தேன்? புது விடைகளை எடுத்துப் பழைய கோப்பின்மேல் எழுதிவிட்டுப் போய்விட்டேன். இந்தத் தடவையாவது கேட்போம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அடுத்த 6 டெஸ்ட் சைன், எக்ஸ்பொனென்ஷியல், பவர் மாதிரி ஃபங்ஷன்களால். இவற்றைச் சரியாக ரவுண்ட் செய்யும்படி தரநிலை பரிந்துரைக்கத்தான் செய்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. காரணம் சோம்பல் இல்லை, கஷ்டம். சில உள்ளீடுகளுக்கு உண்மையான விடை இரண்டு டபுள் எண்களுக்குச் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும், எந்தப் பக்கம் ரவுண்ட் செய்வது என்று தீர்மானிக்க இன்னும் எத்தனை இலக்கம் கணக்கிட வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நூலகமும் தனக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்திக்கொள்கிறது, கடைசி பிட் எப்போதாவது மாறும். இயங்குதளம் மாறினாலும் மாறும், நூலகத்தின் பதிப்பு மாறினாலும் மாறும். என் இரண்டு கணினியிலும் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி ஒரே பதிப்புதான், ஆனால் ஒன்றில் அதன் உள்கணக்கு எஃப்எம்ஏவோடு ஓடுகிறது, மற்றதில் இல்லாமல் ஓடுகிறது. இன்னொன்று, எக்ஸ்86-இல் ஜிலிப்சி ஓடும்போதே சிப்பைப் பார்த்து எஃப்எம்ஏ இருந்தால் அதற்கான வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், ஆகவே இரண்டு எக்ஸ்86 கணினிகளுக்கு நடுவில்கூட, ஒரே பைனரி கோப்பிலேயே, கடைசி பிட் வேறுபட வாய்ப்பு உண்டு. இதைப் படித்தபோதுதான் எல்லாப் பழியையும் புது மடிக்கணினியின்மேல் போட்டது தப்பு என்று பட்டது.

இதற்கு மருந்து இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்தும் போனது. கோர்-மேத் என்று ஒரு திட்டம், பிரான்ஸின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்துவது. அதிலுள்ள ஃபங்ஷன்கள் எல்லா உள்ளீட்டுக்கும் சரியாக ரவுண்ட் செய்த விடையே தருகின்றன. சரியாக ரவுண்ட் செய்த விடை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும், எனவே சிப் எதுவானாலும் ஒரே பிட். 32 பிட் எண்ணுக்கு மொத்த உள்ளீடே சுமார் 429 கோடிதான், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் போட்டுச் சோதித்துப் பார்க்க முடியும். 64 பிட்டுக்கு அப்படி முடியாது, அங்கே கஷ்டமான உள்ளீடுகளைத் தேடிப் பிடிப்பதே ஒரு பெரிய வேலை. 2025 ஜனவரியில் வந்த ஜிலிப்சி 2.41-இல் 32 பிட் ஃபங்ஷன்கள் பலவற்றுக்கு இந்த நிரலையே எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். நான் எனக்கு வேண்டிய நான்கு ஃபங்ஷன்களை நேரடியாக என் புரோகிராமோடு சேர்த்துக் கம்பைல் செய்தேன், 6 டெஸ்டும் இரண்டு கணினியிலும் ஒரே விடை, வேகத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. இந்த யோசனை புதிதும் இல்லை. துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் துகள்களின் பாதையைக் கணக்கிட வைத்தபோது, ஒரே கணக்கு இரண்டு கணினியில் இரண்டு விடை தந்தால் எதை நம்புவது என்று தெரியாமல் போகும் என்பதால், பிரான்ஸின் லியோனில் எழுதப்பட்ட சிஆர்லிப்எம் என்ற நூலகத்தை இதே காரணத்துக்காகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கூட்டும் வரிசையால் 3 டெஸ்ட். 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து வலமாகக் கூட்டினால் 0.6000000000000001, பின்னால் இருக்கும் இரண்டை முதலில் கூட்டினால் 0.6. லட்சக்கணக்கான எண்களைக் கூட்டும் நூலகம் அவற்றைப் பல கூறுகளாக்கி ஒரே நேரத்தில் கூட்டுகிறது, எத்தனை கூறு என்பது சிப்பின் வெக்டர் ரெஜிஸ்டர், அதாவது பல எண்களை ஒரே நேரத்தில் வைத்துக் கணக்கிடும் இடம், எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. ஏஆர்எம்மின் நியான் என்ற வெக்டர் வசதியில் இரண்டு டபுள், எக்ஸ்86-இன் ஏவிஎக்ஸ்2-இல் நான்கு, ஏவிஎக்ஸ்-512-இல் எட்டு. கூறு மாறினால் வரிசை மாறும், வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பிரிவுகளின் எண்ணிக்கையை மாற்றினாலும் இதே கதைதான். விடை அப்படியே பொருந்த வேண்டிய அந்த மூன்று இடங்களில் மட்டும் நூலகத்தை விட்டுவிட்டு, வரிசையை நானே கட்டிப்போட்டு எழுதிய கூட்டலைப் போட்டேன். மெதுவாகத்தான் ஓடுகிறது, பரவாயில்லை.

இப்போது ஒரே ஒரு டெஸ்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் இந்த மடிக்கணினிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் சிமுலேஷனில் ஒரு பெட்டிக்குள் துகள்கள் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், துகளின் இடத்தைக் கட்டத்தின் அகலத்தால் வகுத்து முழு எண்ணாக மாற்றினால் அது எந்தக் கட்டம் என்று தெரியும், எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் துகள் வெளியே போய்விட்டது என்று விட்டுவிடுவேன். புதிய கணினியில் பூஜ்யமாவது கட்டத்தில் மட்டும் அடர்த்தி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. மற்ற எல்லாக் கட்டமும் சரி, மூலையில் கிடக்கும் அந்த ஒன்று மட்டும் வீங்குகிறது. ஒவ்வொரு படியிலும் அந்தக் கட்டத்துக்குள் இருப்பவற்றின் இடத்தை அச்சிட்டுப் பார்த்தேன். வரிசையாக நேன், நேன், நேன். இரண்டு துகள் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும்போது தூரம் பூஜ்யமாகி, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து, அந்த இரண்டும் நேன் ஆகின்றன. நேனை 32 பிட் முழு எண்ணாக மாற்றச் சொன்னால் எக்ஸ்86 சிப் மைனஸ் 2147483648 என்று தரும். ஏஆர்எம் சிப் 0 என்று தரும். சி மொழியில் இதற்கு வரையறையே கிடையாது, ஆகவே இரண்டும் செல்லும். பழைய கணினியில் அந்த மைனஸ் எண் என் 'பூஜ்யத்துக்குக் கீழே' சோதனையில் மாட்டி, துகள் சத்தமில்லாமல் தூக்கி எறியப்பட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று தெரியுமா, ஏழு வருடம். ஏழு வருடம் என் சிமுலேஷன் துகள்களைத் தொலைத்துக்கொண்டிருந்தது, ஒரு டெஸ்டும் சொல்லவில்லை, ஏனென்றால் டெஸ்டின் 'சரியான விடை' கோப்பும் அதே கணினியில் தயாரானது. ஏஆர்எம் அவற்றை மூலையில் குவித்ததால்தான் கண்ணில் பட்டது.

இதே குடும்பத்தில் இன்னொன்று: மைனஸ் 1.0 என்ற டபுளைக் குறியில்லாத 32 பிட் முழு எண்ணாக மாற்றினால் எக்ஸ்86-இல் வழக்கமாக 4294967295 வரும், ஏஆர்எம்மில் 0. படங்கள், நிறங்கள், ஒலி மாதிரி வேலை செய்கிறவர்கள் இதை முதலில் தேடிப் பாருங்கள். எனக்கு அந்த இடம் இல்லை, ஆனால் இருக்கக்கூடிய இடங்கள் நிறைய.

குறைத்த அரை நட்சத்திரத்துக்கு வருகிறேன். லாங் டபுள், டபுளைவிட அதிகத் துல்லியம் வேண்டும்போது பயன்படுத்தும் எண் வகை. எக்ஸ்86 லினக்ஸில் இது 80 பிட், சிப்பே நேரடியாகக் கணக்குப் போடும். ஏஆர்எம் லினக்ஸில் 128 பிட், துல்லியம் மிக அதிகம், ஆனால் சிப்பில் அதற்குக் கட்டளை இல்லை, எல்லாம் மென்பொருளில் நடக்கிறது, அதனால் மெதுவோ மெது. ஆப்பிளின் ஏஆர்எம் கணினிகளில் லாங் டபுள் என்பது வெறும் டபுள்தான், அதே 64 பிட். ஒரே பெயர், மூன்று பொருள். என்னுடைய 3 டெஸ்ட் இதில் போயின, அவை ஓடிய பகுதி பழைய கணினியைவிட மெதுவாகவும் ஆனது. கடைசியில் லாங் டபுளையே எடுத்துவிட்டு, கூட்டும்போது விட்டுப்போகும் பிழையைத் தனி மாறியில் சேர்த்துவைக்கும் கஹானின் முறைக்கு மாறினேன். வேலை முடிந்தது, ஆனால் இரண்டு வாரம் போனது, அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: வாங்குங்கள், ஆனால் முதல் நாளே கம்பைலருக்கு 'எஃப்பி-கான்ட்ராக்ட்' தேர்வை 'ஆஃப்' என்று கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எஃப்எம்ஏவாக மாற்றுவது நின்றுவிடும், எத்தனை வித்தியாசம் அதனால் வந்தது என்று உடனே தெரியும். எனக்கு 14-ம் அதோடு தீர்ந்தன. பிறகு அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றில்லை. நான் ஒப்பிடும் டெஸ்ட்களுக்கு மட்டும் ஆஃப் வைத்திருக்கிறேன், நிஜ வேலைக்கு எஃப்எம்ஏவை ஓட விடுகிறேன், வேகமும் அதில்தான், பெரும்பாலும் துல்லியமும் அதில்தான். 'ஃபாஸ்ட்-மேத்' தேர்வை மட்டும் தயவுசெய்து கையால்கூடத் தொடாதீர்கள், கணக்கின் வரிசையைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற அது கம்பைலருக்கு அனுமதி கொடுத்துவிடும். ஜிசிசி 13-க்கு முன்னால் இன்னும் மோசம், யாரோ எழுதிய ஒரு பகிர்வு நூலகம் அந்தத் தேர்வோடு கம்பைல் ஆகியிருந்தாலே போதும், அதை ஏற்றிய உங்கள் புரோகிராமிலும் மிகச் சிறிய எண்கள் பூஜ்யமாக்கப்பட்டுவிடும். வேறு யாரோ செய்த தேர்வுக்கு உங்கள் எண்கள் மாறுவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

நேன் 9, எஃப்எம்ஏ 14, ஃபங்ஷன் 6, கூட்டல் 3, லாங் டபுள் 3, முழு எண் 1. மொத்தம் 36. ஒன்று பாக்கி, அது நீண்ட சிமுலேஷன், பத்து லட்சம் படிகள். நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே பிட்டாக்கிய பிறகு இதுவும் இரண்டு கணினியிலும் பொருந்தியது, ஆனால் எஃப்எம்ஏவைத் திரும்ப ஆன் செய்தால் ஏறத்தாழ நாலாயிரமாவது படியிலேயே துகள்கள் முழுவதும் வேறு வேறு இடத்தில். 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட, 0.506127-க்குப் பதிலாகத் தாளில் அச்சாகியிருந்த 0.506-ஐக் கொடுத்து, வேறொரு வானிலையையே பெற்றார் அல்லவா, அதேதான். அவருக்கு நாலாவது இலக்கத்தில் ஆரம்பித்தது, எனக்குப் பதினேழாவதில், போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஆகவே அந்த டெஸ்டில் ஒவ்வொரு துகளின் இடத்தையும் ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன். மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா, சராசரி வேகம் பொருந்துகிறதா, துகள் எதுவும் தொலையவில்லையா, இவற்றைத்தான் பார்க்கிறேன். இந்தக் கடைசிச் சோதனையைப் பழைய கணினியிலும் கொண்டுபோய் வைத்து, துகள் முட்டும் இடத்தைத் திருத்தாத பழைய நிரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். 218 துகள் காணோம் என்று முதல் ஓட்டத்திலேயே சொல்லிவிட்டது.